மத்தளத்தின் அடியும் விநாடிக்கு 20 படங்களும்

காஞ்சிபுரம்,
24-8-2025.

அன்பு நண்பனுக்கு,

ஆடி மாதக் கடைசியில் உன் கடிதம் வந்து சேர்ந்தது. கண்புரை அறுவைக்குப் பிறகு நீ எழுதிய முதல் கடிதம் என்பதாலோ என்னவோ எழுத்துகள் பெரிது பெரிதாக இருந்தன. என் கண்ணுக்கும் அது வசதியாகவே இருந்தது. மகள் புதுக் கேமரா வாங்கித் தருவதாகச் சொல்கிறாள், நம்முடைய நிக்கான் டி3100 இனி எதற்காவது ஆகுமா, உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் என்கிறார்களே அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டிருந்தாய். உடனே பதில் எழுதாமல் இருந்ததற்குச் சோம்பல் மட்டும் காரணம் அல்ல. என் அக்கா மகன் கல்யாணப் படம் எடுப்பவன் என்பது உனக்குத் தெரியும். மார்கழியிலும் ஆடியிலும் முகூர்த்தம் கிடையாது என்பதால், அந்த இரண்டு மாதங்களில் அவனுடைய மிரர்லெஸ் கேமரா நிக்கான் இசட்8 பெட்டிக்குள் தூங்கும். போன மார்கழியில் பத்து நாளும் இந்த ஆடியில் இரண்டு வாரமும் அதை என்னிடம் விட்டு வைத்திருந்தான். ஆகவே கடையில் ஐந்து நிமிடம் பிடித்துப் பார்த்துவிட்டு அளக்கும் அளப்பு அல்ல இது.

2011இல் நாம் இருவரும் ஒரே நாளில், ஒரே கடையில் அந்த டி3100ஐ வாங்கியது நினைவிருக்கும். அது முந்தைய ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த, புதிதாகக் கற்பவர்களுக்கான கேமரா. இசட்8 என்பது 2023 மே மாதம் வந்தது. வந்தபோது லென்ஸ் இல்லாமல் பாடி மட்டும் மூன்று லட்சத்துக்கு மேல். இரண்டையும் ஒப்பிடுவதே ஒருவகையில் நியாயம் அல்ல. ஆனாலும் நீ கேட்டது நியாயத்தை அல்ல, உனக்கு எது ஆகும் என்பதை.

உன் வேலைக்கு, அதாவது சிற்பம், கல்வெட்டுப் படங்களுக்கு, நெருக்கமானதிலிருந்தே தொடங்குகிறேன். இரண்டு கேமராக்களையும் தூக்கிக்கொண்டு ஒரு காலை நேரத்தில் கைலாசநாதர் கோயிலுக்குப் போனேன். முக்காலி வைக்கத் தொல்லியல் துறையிடம் தனி அனுமதி வாங்க வேண்டும் என்பதால், மதிலோரச் சிற்றாலயங்களின் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டுதான் எடுத்தேன். அடாப்டர் ஒன்றை இடையில் மாட்டினால் நம்முடைய பழைய 50 எம்.எம். எஃப் 1.8ஜி லென்ஸ் இசட்8இலும் ஃபோகஸ் உட்பட எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. (நீ அவசரப்பட்டுப் பழைய சந்தையில் வாங்கிய டி வகை லென்ஸ் அன்று டி3100இலும் தானாக ஃபோகஸ் ஆகவில்லை, இன்று இந்த அடாப்டரிலும் ஆகாது; அந்த லென்ஸை மோட்டார் உள்ள கேமராதான் திருகிக் கொடுக்க வேண்டும்.) ஒரே லென்ஸ், ஒரே சிற்பம், ஒரே வெயில், ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வும் இரண்டிலும் 100.

டி3100இல் 1 கோடியே 42 லட்சம் பிக்சல்கள், இசட்8இல் 4 கோடியே 57 லட்சம். மூன்று மடங்குக்கும் மேல் என்று சொன்னால் மலைப்பாக இருக்கிறது; ஆனால் படத்தின் குறுக்கே எண்ணினால் 4,608க்கு 8,256, அதாவது இரண்டு மடங்குகூட இல்லை. நம் ஊர் லேபில் போடும் 12க்கு 18 அங்குலத் தாளில் டி3100இன் படத்தை முழுதாகப் பரப்பினாலும் ஓர் அங்குலத்துக்கு 256 புள்ளிகள் விழுகின்றன. கையில் பிடித்துப் பார்க்கும் தூரத்துக்கு அது தாராளம். அந்தச் சிற்பத்தின் இரண்டு படங்களையும் அந்த அளவில் அச்சிட்டு, பின்பக்கம் எதுவும் எழுதாமல் அக்கா மகனிடமே காட்டினேன். நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தவறான தாளைத் தன்னுடையது என்று எடுத்தான். அவனை வாயடைக்கச் செய்ததில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு என்பதை மறைக்க மாட்டேன்.

ஆனால் அடுத்த படத்தில் கதை மாறியது. சிற்றாலயத்தின் உட்சுவரில் பல்லவர் கால ஓவியத்தின் எச்சம் ஒன்று நிழலில் மங்கிக் கிடக்கிறது; வெளியே மணற்கல் வெயிலில் வெளுத்துப் போயிருக்கிறது. வெளிச்சம் வெளுக்காமல் எடுத்துவிட்டு, பிறகு கணினியில் நிழற்பகுதியை வெளிச்சமாக்கித் தூக்கிப் பார்த்தபோது, டி3100இன் படத்தில் ஓவியத்தின் காவி நிறம் மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாகச் சிதறி வந்தது. இசட்8இல் அதே நிழலைத் தூக்கினால் கோடும் நிறமும் அப்படியே எழுந்து வருகின்றன. இதற்குக் காரணம் பிக்சல் எண்ணிக்கை அல்ல. தனித்தனியாகப் பார்த்தால் இசட்8இன் பிக்சல் நம்முடையதைவிடச் சிறியது. ஒளியை வாங்கும் சில்லான சென்சாரின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு இருப்பதால் படத்தில் சேரும் வெளிச்சம் அதிகம், பதிமூன்று ஆண்டுகளில் அந்த வெளிச்சத்தை எண்ணாக மாற்றும் மின்சுற்றின் இரைச்சலும் வெகுவாகக் குறைந்துவிட்டது. இரண்டும் சேர்ந்துதான் அந்தக் காவியைக் காப்பாற்றுகின்றன.

இனி உன் கண்ணுக்கு வருகிறேன். டி3100இல் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் ஒரு குகைக்குள் எட்டிப் பார்ப்பதுபோலத்தான் எப்போதும் இருந்தது. அதிலும் படத்தின் 95 சதவீதத்தையே அது காட்டும் என்பதால், வீட்டுக்கு வந்து பார்த்தால் ஓரத்தில் யாருடைய செருப்போ வந்து நிற்கும். இசட்8இல் கண் வைக்கும் இடத்தில் இருப்பது சிறு திரை. முழுப் படமும் பெரிதாகத் தெரிகிறது. வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் விளைவு எடுப்பதற்கு முன்பே தெரிகிறது. தாராசுரத்தில் நீ எடுக்கும் விரற்கடைச் சிற்பங்களைக் கையால் ஃபோகஸ் செய்யும்போது அந்த இடத்தை மட்டும் பலமடங்கு பெரிதாக்கிக்கொள்ளலாம். எடுத்த படத்தைப் பார்க்க மூக்குக்கண்ணாடியைத் தேட வேண்டியதில்லை, வியூஃபைண்டருக்குள்ளேயே பார்க்கலாம். அறுபதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஒன்று மற்ற எல்லா வசதிகளையும்விடப் பெரிது என்று நான் நினைக்கிறேன். ஆனால் எடையையும் சொல்லிவிடுகிறேன்: பாட்டரியும் கார்டும் சேர்த்து டி3100 அரைக் கிலோ, இசட்8 910 கிராம். திரை எப்போதும் எரிந்துகொண்டிருப்பதால் பாட்டரியும் சீக்கிரம் இறங்கும். நிறுவனக் கணக்குப்படி நம்முடையது ஒரு தடவை ஏற்றினால் 550 படம், அது சுமார் 340.

ஃபோகஸ் பற்றியும் ஒரு வார்த்தை. கண்ணாடி உள்ள எந்தக் கேமராவிலும் ஃபோகஸை அளக்கும் கருவி தனியாகக் கீழே இருக்கிறது, படம் விழும் சென்சார் வேறிடத்தில் இருக்கிறது. ஒளி போகும் அந்த இரண்டு பாதைகளும் மயிரிழை வித்தியாசப்பட்டால், லென்ஸை எஃப் 1.8க்கு அகலத் திறந்து எடுக்கும்போது கண்ணுக்குப் பதிலாகக் காது தெளிவாக விழும். விலை கூடிய கண்ணாடிக் கேமராக்களில் (டி.எஸ்.எல்.ஆர்.) அதைச் சரிசெய்துகொள்ள வழி கொடுத்திருந்தார்கள், டி3100இல் அது கிடையாது. மிரர்லெஸ்ஸில் படம் விழும் சென்சாரே ஃபோகஸையும் அளப்பதால் அந்தத் தொல்லைக்கே இடமில்லை. நம்முடையதில் 11 ஃபோகஸ் புள்ளிகள், எல்லாம் நடுவைச் சுற்றி. இசட்8இல் 493, ஓரம் வரைக்கும்.

மார்கழியில் வேடந்தாங்கலுக்குப் போனதில் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. என்னிடம் இருக்கும் 70-300 லென்ஸ்தான் இரண்டுக்கும். தூரத்து மரத்தில் உட்கார்ந்திருக்கும் நத்தைக்குத்தி நாரையைப் பொறுத்தவரை, இசட்8இன் படத்தை டி3100இன் பார்வைக் கோணத்துக்கு வெட்டினால் மிஞ்சுவது சுமார் 1 கோடியே 90 லட்சம் பிக்சல்தான். பறவை இன்னும் கிட்ட வந்துவிடவில்லை. பறக்கும்போதுதான் வேறுபாடு. 2024 பிப்ரவரியில் வந்த புதிய மென்பொருளில் பறவையை அடையாளம் காணத் தனி வசதி சேர்த்திருக்கிறார்கள். நாரை கிளைகளுக்குப் பின்னால் போனாலும் அதன் கண்ணைச் சுற்றி அந்தச் சிறு சதுரம் ஒட்டிக்கொண்டே போகிறது. இன்னொரு வித்தையும் உண்டு: பொத்தானைப் பாதி அழுத்தி வைத்திருந்தால், முழுதாக அழுத்துவதற்கு ஒரு விநாடி முன்பு நடந்ததையும் அது ஜேபெக்காகப் பதிவு செய்து தருகிறது. நான் தாமதமாக அழுத்தியும் நாரை சிறகை விரித்த கணம் கார்டில் இருந்தது. அந்தப் படத்தை நான் எடுத்தேன் என்று சொல்ல எனக்கு இன்னும் நா எழவில்லை.

ஆடியில் பாரதக் கூத்து பார்த்த இரவைப் பற்றித்தான் உனக்கு விரிவாக எழுத வேண்டும். பதினான்கு வருடமாக நான் டி3100ஐ வைத்துக்கொண்டு கூத்துக் களரியின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஐ.எஸ்.ஓ. 3200க்கு மேல் அதைத் தள்ளினால் படம் கூழாகிவிடும். விநாடிக்கு மூன்று படம்தான் எடுக்கும். எடுக்கும்போது கண்ணாடி மேலே எழும்பி, ஒரு கணம் வியூஃபைண்டர் இருண்டுவிடும். யோசித்துப் பார், நாம் எடுத்த ஒவ்வொரு படத்தின் கணமும் நாம் பார்க்காத கணம். இருட்டு வந்து போனபின்புதான், கிடைத்ததா தவறியதா என்ற கேள்வியே எழும். அதனால் நான் கண்ணை நம்பாமல் காதை நம்பப் பழகினேன். துரியோதனன் திரையை விலக்கிக்கொண்டு வந்து சுற்றி எழும்பும்போது, மத்தளத்தில் எந்த அடிக்குப் பிறகு கால் தரையை விடும், எந்த இடத்தில் உடல் உச்சியில் நிற்கும் என்பது எனக்கு மனப்பாடம் ஆனது. அந்த அடிக்கு அரை மாத்திரை முன்பு விரல் இறங்க வேண்டும். பத்தில் இரண்டு கிடைத்தால் அன்றைக்கு நல்ல இரவு.

இசட்8இல் தூக்க வேண்டிய கண்ணாடியும் இல்லை, ஓடும் ஷட்டரும் இல்லை. சென்சார் தன் படம் முழுவதையும் ஏறக்குறைய 1/270 விநாடிக்குள் படித்து முடித்துவிடுவதால் எல்லாம் மின்னணுவிலேயே நடக்கிறது. சத்தத்தை அணைத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடப் படம் எடுப்பது தெரியாது. வியூஃபைண்டர் ஒரு கணமும் இருளவில்லை. ஐ.எஸ்.ஓ. 6400இல் 1/500 விநாடி வைத்தேன். தோளணியான புஜகீர்த்தியில் பதித்த கண்ணாடிச் சில்லுகள் தனித்தனியாக மின்னின. விநாடிக்கு 20 ரா படங்கள், அதாவது சென்சார் பதிந்தபடியே சுருக்காமல் மெருகேற்றாமல் வரும் படங்கள். எல்.இ.டி. விளக்கு மினுக்கி, படத்தில் பட்டை பட்டையாக விழுவதற்கும் ஷட்டர் வேகத்தை நுணுக்கமாக மாற்றித் தப்பிக்க வழி வைத்திருக்கிறார்கள். அரிதாரம் அப்பிய முகத்தில் கண் எது என்று சில வேளை அது தடுமாறியது உண்மை; ஆனால் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் முகத்தைப் பார்த்துக் குழம்பாதவர் யார்?

விடியும்போது கார்டில் 4,100 படங்கள் இருந்தன. துரியோதனன் எழும்பிய ஒரே தாவலுக்கு முப்பத்தொரு படம். ஒவ்வொன்றும் கூர்மை, ஒவ்வொன்றிலும் வெளிச்சம் சரி. நான்கு நாள் கணினி முன் உட்கார்ந்து அவற்றில் நாற்பதைத் தேர்ந்தெடுத்தேன். அந்த நாற்பதும் நான் இதுவரை எடுத்த கூத்துப் படங்கள் எல்லாவற்றையும்விட நல்ல படங்கள், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தேர்ந்தெடுத்து முடித்தபிறகுதான், அந்த இரவு மத்தளக்காரர் எப்படி வாசித்தார் என்று எனக்கு நினைவே இல்லை என்பது உறைத்தது. கேட்க வேண்டிய தேவை இல்லாமல் போனதால் நான் கேட்கவில்லை. பழைய கேமரா இருந்தால் நான் முன்கூட்டி ஊகிப்பவன். புதியது இருந்தால் பிறகு பொறுக்கி எடுப்பவன். இரண்டும் வேலைதான், ஆனால் இரண்டும் ஒரே வேலை அல்ல. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கூத்துக் கலைஞருக்குக் கொடுக்க நல்ல படம் வேண்டுமா என்றால் இசட்8ஐத்தான் எடுத்துப் போவேன்.

உனக்கு என் யோசனை இதுதான். உன் சிற்பமும் கல்வெட்டும் ஆயிரம் வருடமாக அசையாமல் இருப்பவை. விநாடிக்கு 20 படம் உனக்கு எதற்கு? மகளிடம் இசட்8 கேட்காதே. டி3100ஐ வைத்துக்கொண்டு 40 எம்.எம். மைக்ரோ லென்ஸ் ஒன்றும், அனுமதி கிடைக்கும் இடங்களுக்கு ஒரு கனத்த முக்காலியும், கல்வெட்டின் மேல் பக்கவாட்டில் சாய்த்து அடிக்க நல்ல டார்ச் ஒன்றும் வாங்கு. எழுத்துப் பள்ளங்களில் விழும் நிழலை எந்தச் சென்சாரும் உனக்காக உண்டாக்கித் தராது. வியூஃபைண்டர்தான் தொல்லை, கண் கேட்கவில்லை என்றால், அப்போது விலை குறைந்த, எடை குறைந்த மிரர்லெஸ் ஒன்றைப் பார்க்கலாம். நான் சொன்ன பெரிதாக்கிப் பார்க்கும் வசதி அவற்றிலும் உண்டு.

எதற்கும் மார்கழி முதல் வாரத்தில் இங்கே வா. இசட்8 மறுபடி என் கைக்கு வரும், உன் கண்ணுக்கு எது ஒத்துவருகிறது என்று கைலாசநாதரில் வைத்தே பார்த்துவிடலாம். உன் டி3100ஐயும் கொண்டுவா. பாட்டரியை முதல் நாள் இரவே ஏற்றி வை, போன தடவைபோல் கோயில் வாசலில் நின்று என் பாட்டரியைக் கேட்காதே.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

உன் பழைய அறைத்தோழன்