செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: மதுரை முதல் குமரி வரை ஒரே நாளில்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகிகளே, உறுப்பினர்களே, ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் குடும்பத்தாரே, எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். ஞாயிறு காலை சைக்கிள் ஓட்டங்கள் மழை நாட்கள் தவிர தடையில்லாமல் நடந்தன. அழகர்கோவில், நாகமலை, மேலூர் என்று அதே தடங்கள்தான். புதுத் தடம் வேண்டும் என்று சொல்கிறவர்கள் தடத்தையும் கையோடு கொண்டு வரவும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாலைப் பாதுகாப்பு வகுப்பு நடத்தினோம். கழன்ற செயினை மாட்டக் கற்றுக்கொண்டதில்தான் அவர்களுக்குச் சந்தோஷம். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. டீ இடைவேளையில் பொருளாளரைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், ஜனவரி முதல் ஞாயிறு நடந்த கன்னியாகுமரி ஓட்டம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

தூரம் ஏறக்குறைய 240 கிலோமீட்டர். பெரும்பாலும் தேசிய நெடுஞ்சாலை 44. மூத்த உறுப்பினர்கள் வாயில் அது இன்னும் என்.எச். 7தான். ஜூன் மாதம் வைத்தால் என்ன என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழையும் மேல்காற்று அந்தப் பக்கம் சும்மா விடாது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை வேறு எதற்கு நிறுத்தியிருக்கிறார்கள்? வள்ளியூர் தாண்டினால் சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். ஜனவரியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் தெற்கே போகிறவர்களுக்குத் துணை. ஒரே சங்கடம், அது சபரிமலை சீசன். ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் இரவும் பகலும் ஓடும். குமரியில் அறை வாடகையும் ஏறிவிடும்.

காலை நான்கு மணிக்கு மதுரை பழங்காநத்தத்தில் கிளம்பினோம். பின்னால் சிவப்பு விளக்கும் ஒளிரும் மேலங்கியும் இல்லாத இருவரைத் திருப்பி அனுப்பினோம். அதில் ஒருவர் இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை, பரவாயில்லை. சூரியன் மறையும் முன் கடலைப் பார்த்துவிட வேண்டும் என்பது திட்டம். அன்றைக்கு அங்கே அஸ்தமனம் ஆறேகால் மணி வாக்கில். மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் பதினொரு மணி நேரம் போதும், மூன்று மணி நேரம் நிற்பதற்கு மிச்சம். காகிதத்தில் தாராளமான கணக்குதான்.

விருதுநகர் வரை அந்தக் கணக்கு தப்பவில்லை. கப்பலூர் சுங்கச்சாவடியின் இடது ஓரத்தில் வரிசையாகக் கடந்தோம். முன்னால் போகிறவர் காற்றைத் தாங்கிக்கொள்ள, பின்னால் இருப்பவர்களுக்குப் பாதி வலி குறைந்தது. சாத்தூர் தாண்டியதும் முதல் பஞ்சர். டியூபை மாற்றி, காற்றடித்து, கிளம்பி இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் அதே சக்கரம் மறுபடியும் தட்டையானது. டயரின் உள்பக்கம் துணியை வைத்துச் சுற்றித் துடைத்தபோது ஓரிடத்தில் நூல் சிக்கி நின்றது. தலைமுடி அளவுக்கு ஒரு எஃகுக் கம்பி. வெடித்த லாரி டயர்களிலிருந்து உதிரும் கம்பிகள் சாலை ஓரத்தில்தான் சேரும், நாம் ஓட்டுவதும் அந்த ஓரத்தில்தான். இடுக்கி இல்லாமல் அதைப் பிடுங்க முடியவில்லை. கூட்டத்தில் ஒருவரிடமும் இடுக்கி இல்லை. ஒரு மெக்கானிக் கடை திறக்கும் வரை அத்தனை பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம்.

கோவில்பட்டியில் காலை டிபன். கடலைமிட்டாய் வாங்க ஒரு பெரிய வரிசை. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய், வெல்லமும் கடலையும் சேர்ந்தது, சைக்கிள்காரனுக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது. அதை முந்தின நாளே வாங்கிப் பையில் போட்டிருக்கலாமே என்பதுதான் என் வாதம். கயத்தாறில் கட்டபொம்மன் நினைவிடத்தில் நின்று படம் எடுக்காமல் யாரும் நகரவில்லை. 1799-ல் அவரைத் தூக்கிலிட்ட ஊர், நிற்காமல் போகவும் மனம் வராது, சரி. அங்கேதான் ஒரு தம்பிக்குத் தலைசுற்றல் வந்தது. விடியற்காலையிலிருந்து வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டு வந்திருக்கிறார். வியர்வையில் போன உப்புக்கு ஈடாக உப்பு உள்ளே போகவில்லை. ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுத்து, துணைக்கு வந்த குட்டி யானை வண்டியில் ஏற்றி, திருநெல்வேலி மருத்துவமனையில் காட்டினோம். மாலைக்குள் தேறிவிட்டார்.

திருநெல்வேலியில் இலை போட்டுச் சாப்பாடு. ஒன்றரை மணிக்கு உட்கார்ந்தவர்கள் எழுந்தது இரண்டே முக்காலுக்கு. ரசத்துக்கு அப்புறம் மோர், மோருக்கு அப்புறம் பாயசம் என்று போய்க்கொண்டே இருந்தது. மீதி 85 கிலோமீட்டர் அப்படியே கிடந்தது. நாங்குநேரி அருகே முன் சக்கரம் முன்னவரின் பின் சக்கரத்தில் உரசி ஒருவர் விழுந்தார். முழங்கால் சிராய்ப்போடு தப்பினார். குமரியில் எல்லோரும் வந்து சேர்ந்தபோது மணி ஏழரை. அஸ்தமனத்தைச் சாலையிலேயே பார்த்துவிட்டோம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கியர் இல்லாத பழைய 22 இன்ச் சைக்கிளில் வந்த நம் அண்ணாச்சி ஒரு தடவைகூட மணிக்கு 18 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டவில்லை. தனியாகவே வந்தார். தயிர்சாதப் பொட்டலம், தோளில் ஒரு துண்டு, அவ்வளவுதான். கியர் சைக்கிள்காரர்கள் அவரைத் தாண்டிப் போவதும், அடுத்த டீக்கடையில் உட்கார்ந்தபடி அவர் கடந்து போவதைப் பார்ப்பதும் நாள் முழுக்க நடந்தது. ஏழு மணிக்கே அவர் வந்துவிட்டார். வேகம் குறைவால் யாரும் தாமதமாகவில்லை, நின்றதால்தான் தாமதம். ஒருவர் நின்றால் எல்லோரும் நிற்பது என்ற நம் வழக்கமே நேரத்தைத் தின்றது. உலகம் முழுக்க நடக்கும் ப்ரெவே என்ற நெடுந்தூர சைக்கிள் ஓட்டங்களில் 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள். டீயும் பஞ்சரும் சாப்பாடும் அதற்குள் அடக்கம். கடிகாரம் யாருக்காகவும் நிற்பதில்லை.

எனவே அடுத்த ஆண்டுக்கு நிர்வாகக் குழு இவற்றைப் பரிந்துரைக்கிறது. ஆறு பேர் கொண்ட சிறு குழுக்களாகப் போவது. குழுவுக்கு ஒரு பொறுப்பாளர், ஒரு பஞ்சர் பை, அதில் கட்டாயம் ஒரு இடுக்கி. பஞ்சரானால் அந்தக் குழு மட்டும் நிற்கும். கோவில்பட்டி, திருநெல்வேலி, வள்ளியூர் தவிர வேறெங்கும் எல்லோரும் சேர்ந்து நிற்பதில்லை. மதியச் சாப்பாடு பொட்டலம். இதைச் சொன்னதும் 'அப்படியென்றால் சேர்ந்து ஓட்டுவது எங்கே போனது?' என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். சேர்ந்து சாப்பிடக் குமரியில் இரவு முழுக்க நேரம் இருக்கிறது என்பது என் பதில். மாற்றுக் கருத்து இருந்தால் பொதுக்குழு இப்போதே பேசலாம். பாயசத்தை ஆதரிப்பவர்களுக்கும் வாய்ப்பு உண்டு.

சைக்கிள்களைத் திரும்பக் கொண்டுவந்த வண்டி வாடகை, அறை வாடகை உள்ளிட்ட வரவு செலவைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். தணிக்கை முடிந்துவிட்டது. இந்த அறிக்கையை ஏற்று ஒப்புதல் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்