பாப்பா, ஃபார்மட் செய்வதற்கு முன் இதைப் படி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி உன் குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது, அழுது முடித்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறாய் என்று. லேப்டாப் திறக்கவில்லை, புள்ளிகள் சுற்றிச் சுற்றி மறுபடி அதே நீலத் திரைக்கே வந்து நிற்கிறது, ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடப் போகிறேன் என்றாய். கொஞ்சம் பொறு என்று நான் சொல்வதற்குள் உனக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், இது கைபேசியில் இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்யலாம்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கம்ப்யூட்டரைச் சரிசெய்வது ஒரு வேலை, அதற்குள் இருப்பதைக் காப்பாற்றுவது வேறு வேலை. காப்பாற்றுவதை முதலில் செய். சரிசெய்வது நாளைக்கோ அடுத்த வாரமோ எப்போது வேண்டுமானாலும் நடக்கும்.

உனக்கு நினைவிருக்காது, நீ ஒன்றாவது படிக்கும்போது நம் வீட்டுக் கம்ப்யூட்டரும் இதே மாதிரி ஒருநாள் நின்றுபோனது. பழுதுபார்க்கக் கொடுத்தோம். இரண்டே நாளில் திரும்பி வந்தது, புதிது மாதிரி வேகமாக ஓடியது, உள்ளே ஒன்றும் இல்லை. தாத்தா உனக்குக் கதை சொல்வதை நான் பதிவு செய்து வைத்திருந்தேன், நடுநடுவே நீ "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாய், அது அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் இருந்தது. கேட்காமல் துடைத்துவிட்டார்களே என்று எனக்கு அப்போது கோபம் தாங்கவில்லை. ஆனால் கொடுக்கும்போது நான் சொன்னது "இதை ஓட வைத்துக் கொடுங்கள்" என்பது மட்டும்தான். ஓட வைத்துக் கொடுத்தார்கள். உள்ளே இருப்பது எனக்கு வேண்டும் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கவில்லை. அடுத்த வருஷம் தாத்தாவும் இல்லை. அன்றிலிருந்துதான் இந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து கற்றுக்கொண்டேன், இப்போது உனக்குச் சொல்வது எல்லாம் அப்படி வந்ததுதான்.

அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க்கிலாவது அவசரமாக ஃபார்மட் செய்தால் எந்தக் கோப்பு எங்கே என்ற பட்டியல்தான் அழியும், அதன் மேல் வேறு எதையும் எழுதாத வரை உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும், மென்பொருள் வைத்துத் தோண்டி எடுத்துவிடலாம். உன்னிடம் இருப்பது எஸ்எஸ்டி, சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே எழுதி வைக்கும் வகை டிஸ்க். அதில் இந்த இடம் இனி வேண்டாம் என்று விண்டோஸ் சொன்னதும் டிஸ்க்கே அந்த இடத்தைத் துடைத்துத் தயாராக வைத்துக்கொள்ளும், இதற்கு டிரிம் என்று பெயர். அப்படித் துடைத்ததை யாராலும் திருப்பித் தர முடியாது என்றே வைத்துக்கொள். அதனால்தான் ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று வருஷமாக நீ எழுதிய ஆய்வுக் குறிப்புகளை உன்னாலேயே திரும்ப எழுத முடியாது.

சரி, இப்போது உன் லேப்டாப் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். நீ சொன்னதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. கம்பெனியின் சின்னம் வருகிறது, புள்ளிகள் சுற்றுகின்றன, பழுதுபார்க்கும் நீலத் திரை வருகிறது. அப்படியென்றால் மின்சாரம், திரை, ரேம், மதர்போர்டு எல்லாம் அநேகமாக நன்றாகவே இருக்கின்றன. அந்த நீலத் திரை பெரும்பாலும் அந்த டிஸ்க்கிலிருந்தேதான் வரும், ஆக டிஸ்க்கும் முழுதாகச் செத்துவிடவில்லை. விண்டோஸ் பாதி வழியில் தடுக்கி விழுகிறது, அவ்வளவுதான்.

முதலில் அதில் செருகியிருக்கும் பென் டிரைவ், பிரிண்டர், மவுஸ் எல்லாவற்றையும் பிடுங்கு. சில சமயம் பென் டிரைவிலிருந்து தொடங்கப் பார்த்து அங்கேயே நின்றுவிடும். சார்ஜரையும் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்துவிட்டு, மறுபடி சார்ஜரைச் செருகி ஒரே ஒரு தடவை போட்டுப் பார். ஒரு தடவைதான். பத்துத் தடவை போட்டுப் போட்டு அணைக்காதே, டிஸ்க் நோய்ப்பட்டிருந்தால் ஒவ்வொரு தடவையும் அதற்கு இன்னும் கொஞ்சம் பாரம்.

போன வருஷம் இங்கே நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், நீ பயப்படாமல் இருப்பதற்காக. என் மேசைக் கம்ப்யூட்டர் ஒருநாள் காலையில் "இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்" என்று சொல்லி நின்றது. டிஸ்க் போய்விட்டது என்றே நினைத்தேன். விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் தேதி பல வருஷம் பின்னால் காட்டியது. மதர்போர்டில் காசு மாதிரி ஒரு சின்ன பேட்டரி இருக்குமே, சிஆர் 2032, மூன்று வோல்ட், அது தீர்ந்துபோய் பயாஸ் அமைப்புகள் எல்லாம் பழையபடி மாறிவிட்டன, டிஸ்க்கைப் படிக்கும் முறையும் அதோடு சேர்ந்து மாறிவிட்டது. பேட்டரியை மாற்றி அந்த ஒரு அமைப்பைத் திருப்பி வைத்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி திறந்துகொண்டது. அன்று நான் ஃபார்மட் செய்திருந்தால் நன்றாக இருந்த டிஸ்க்கைத் துடைத்திருப்பேன்.

அடுத்தது சாவி. நீ மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்துதான் லேப்டாப்பைப் பயன்படுத்துகிறாய், அதனால் உனக்கே தெரியாமல் டிஸ்க் பிட்லாக்கர் என்ற விண்டோஸின் சொந்தப் பூட்டால் பூட்டப்பட்டிருக்கலாம். பழுதுபார்க்கும் திரைக்குள் போனதும் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டால் அதுதான். இப்போதே கைபேசியில் உன் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து அந்த மீட்பு எண்ணைத் தேடி எடுத்து, ஒரு தாளில் எழுதி வை. திரையில் காட்டும் அடையாளக் குறியீட்டின் முதல் எட்டு எழுத்துகளும் கணக்கில் இருப்பதும் ஒன்றா என்று சரிபார். 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட்டால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் இப்படித்தான் படுத்துக்கொண்டன. அத்தியாவசியமானதை மட்டும் வைத்து விண்டோஸ் திறக்கும் சேஃப் மோடில் போய் ஒரு கோப்பை அழித்தால் போதும், ஆனால் பூட்டு இருந்த இடங்களில் அந்தச் சின்ன வேலைக்கும் முதலில் இந்த எண்ணைத் தேட வேண்டியிருந்தது.

எண் கையில் வந்துவிட்டதா? இப்போது முக்கியமான வேலை. இதற்கு வேறு கம்ப்யூட்டர்கூட வேண்டாம், காலியாக ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் இருந்தால் போதும். நீலத் திரையில் டிரபிள்ஷூட், அதற்குள் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் கமாண்ட் பிராம்ப்ட். கறுப்புச் சன்னல் திறந்ததும் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்து. நோட்பேட் வரும், அதில் ஃபைல், ஓபன். கீழே எழுத்துக் கோப்புகள் மட்டும் என்று இருப்பதை எல்லாக் கோப்புகளும் என்று மாற்று. அந்தச் சின்னச் சன்னலுக்குள்ளேயே உன் டிஸ்க் முழுவதும் தெரியும், அதில் ரைட் கிளிக் செய்து காப்பி எடுத்து வெளி டிஸ்க்கில் பேஸ்ட் செய்யலாம். எனக்கு இதை முதலில் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, கதவு பூட்டியிருக்கிறது என்று நின்றுகொண்டிருந்தவளுக்குப் பின்பக்கச் சன்னல் திறந்திருப்பது தெரிந்த மாதிரி. இரண்டு விஷயம் கவனி. சி டிரைவ் என்று நீ நினைப்பது இங்கே டி என்றோ ஈ என்றோ பெயர் மாறி இருக்கலாம், யூசர்ஸ் என்ற ஃபோல்டர் எதில் இருக்கிறதோ அதுதான் உன்னுடையது. காப்பி ஆகும்போது எவ்வளவு முடிந்தது என்று எதுவும் காட்டாது, உறைந்துபோன மாதிரியே இருக்கும், பயந்து அணைத்துவிடாதே.

மொத்தமாக எடுக்காமல் சிறிது சிறிதாக எடு. முதலில் ஆய்வு ஃபோல்டர், அது முடிந்த பிறகு டெஸ்க்டாப்பும் டவுன்லோட்ஸும் (நீ எதையும் டெஸ்க்டாப்பிலேயே போட்டு வைப்பாய், எனக்குத் தெரியும்), அப்புறம் புகைப்படங்கள். தாத்தாவின் நோட்டுப் புத்தகங்களை நீ ஸ்கேன் செய்தது கடைசியில் இருக்கட்டும். அந்த நோட்டுகள் இங்கே என் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன, போனாலும் மறுபடி செய்துகொள்ளலாம்.

இது ஒத்துவரவில்லை என்றால் இன்னொரு வழி: தோழி யாருடைய கம்ப்யூட்டரிலாவது 16 ஜிபி பென் டிரைவ் ஒன்றில், விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய இலவச உபுண்டுவை ஏற்றிக்கொள், பென் டிரைவில் இருப்பது அழிந்துவிடும் என்பதால் வெறுமையானதாகப் பார். உன் லேப்டாப்பை அதிலிருந்து தொடங்கி, கேட்கும்போது இன்ஸ்டால் என்பதைத் தொடாமல் முயன்று பார்க்கும் வழியைத் தேர்ந்தெடு. அது உன் டிஸ்க்கைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே ஓடும். விண்டோஸ் சரியாக மூடப்படாததால் டிஸ்க்கைப் படிக்க மட்டும்தான் விடுவேன் என்று சொல்லலாம், பரவாயில்லை, நமக்குப் படிப்பதுதானே வேண்டும்.

காப்பி எடுக்கும்போது கோப்புகள் மிக மெதுவாக வந்தாலோ, படிக்க முடியவில்லை என்று அடிக்கடி சொன்னாலோ, அங்கேயே நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடு. டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு டிடிரெஸ்க்யூ என்று ஒரு கருவி இருக்கிறது, நன்றாக உள்ள பகுதிகளை முதலில் நகல் எடுத்துக்கொண்டு கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும், நாம் சேர்ந்து செய்யலாம். தயவுசெய்து அந்த நேரத்தில் செக்டிஸ்க்கை மட்டும் ஓட்டாதே. அது டிஸ்க்கில் எழுதித் திருத்தும் கருவி, சாகப்போகிற டிஸ்க்கில் அதை ஓட்டினால் இருப்பதும் போகலாம். கோப்பு மீட்பு மென்பொருள் எதையும் அதே டிஸ்க்கில் நிறுவாதே, அதுவே போய் உன் கோப்பின் மேல் உட்கார்ந்துகொள்ளும்.

எடுத்து முடித்ததும் வெளி டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி நாலைந்து கோப்புகளைத் திறந்து பார். பெயர் தெரிந்தால் போதாது, உள்ளே எழுத்து வர வேண்டும், படம் வர வேண்டும்.

இதற்குப் பிறகு நீ என்ன செய்தாலும் எனக்குக் கவலை இல்லை. நீலத் திரையின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸிலேயே இருக்கும் ஸ்டார்ட்அப் ரிப்பேரை ஒருமுறை ஓட்டிப் பார். கடைசியாக வந்த அப்டேட்டை நீக்கும் வாய்ப்பும் அங்கேயே இருக்கும், உனக்கு அப்டேட் வந்த மறுநாள்தான் இது ஆரம்பித்தது என்பதால் எனக்கு அதன் மேல்தான் சந்தேகம். ஸ்டார்ட்அப் செட்டிங்ஸில் 4 அழுத்திச் சேஃப் மோடில் திறந்துவிட்டால், சாதனங்களை இயக்கும் ஏதோ ஒரு டிரைவரோ கூடுதலாக நிறுவிய மென்பொருளோதான் பெரும்பாலும் குற்றவாளி. எதுவும் ஒத்துவரவில்லையா, அப்போது ரீசெட் கொடு, கோப்புகளை வைத்துக்கொள் என்பதைத் தேர்ந்தெடு, நீ நிறுவிய மென்பொருள்களும் மாற்றிய அமைப்புகளும் மட்டும் போகும். அதுவும் ஆகாவிட்டால் ஃபார்மட் செய்துகொள். ஏற்கெனவே அதில் இருந்த அதே விண்டோஸைப் போட்டால் உரிமம் தானாகவே ஒட்டிக்கொள்ளும், அதற்காகச் செலவு செய்யாதே. அது விண்டோஸ் 10 ஆக இருந்தால் மட்டும் கொஞ்சம் யோசி, 2025 அக்டோபர் 14 உடன் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டார்கள்.

எல்லாம் செய்தும் ஆய்வுக் குறிப்பில் கொஞ்சம் போய்விட்டது என்றால், அதை என்னிடம் சொல்லத் தயங்காதே. ஏன் முன்னமே நகல் எடுத்து வைக்கவில்லை என்று நான் கேட்கவே மாட்டேன். நீ எனக்கு மின்னஞ்சலில் அனுப்பிய அத்தியாயங்கள் இரண்டும் என்னிடம் இருக்கின்றன, இன்று காலையில் திறந்தும் பார்த்துவிட்டேன், முழுதாக வருகின்றன.

காப்பி ஓட ஆரம்பித்ததும் ஒரு வரி போடு. முடிய எந்நேரம் ஆனாலும் சரி, நான் விழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா