சனசமூக நிலையச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் நிர்வாக சபைக்கும் வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு நிர்வாக சபை 9 தடவை கூட அழைக்கப்பட்டது; 4 தடவை கோரம் (கூட்டம் நடத்தப் போதிய ஆட்கள்) இல்லாமல் கலைந்தது. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குத் தண்ணீர்ப்பந்தல் வைத்தோம். சிரமதானம் இரண்டு நடந்தது. வாசிகசாலைக்குப் பத்திரிகை தடையில்லாமல் வந்தது.

மிளகாய் காயவைக்கச் செய்த வெயில் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நிலையக் காசை இதில் வீணாக்குகிறேன் என்று சென்ற பொதுக்கூட்டத்தில் குறை சொன்னார்கள். அன்று என் கையில் காட்ட எதுவும் இருக்கவில்லை. இன்று இருக்கிறது.

ஐப்பசி மழை தொடங்கினால் கடைசிப் பறிப்புப் பழமிளகாய் காயப்போட்ட படங்கிலேயே பூஞ்சணம் பிடித்துப் போவது எல்லோருக்கும் தெரியும். குளிர் நாடுகளில் வெறும் சோடாப் பேணிகளை அடுக்கி வெயிலில் காற்றைச் சூடாக்கி வீட்டுக்குள் விடுகிறார்கள். நமக்கு வீட்டுக்குச் சூடு தேவையில்லை, மிளகாய்க்குத் தேவை. அதனால்தான் இதைத் தொடங்கினேன்.

கல்யாண வீடுகளிலும் கடைகளிலும் பொறுக்கிய 80 பேணிகளின் மேலும் கீழும் ஓட்டை போட்டு, பத்துப் பத்தாக ஒட்டி, 8 குழாய்கள் ஆக்கினோம். மினுக்கம் இல்லாத கறுப்புப் பெயின்ற் அடித்து, 4 அடிக்கு 2 அடிப் பலகைப் பெட்டியில் அடுக்கி, மேலே கழற்றிப் போட்ட யன்னல் கண்ணாடியைப் பதித்தோம். பின்பக்கம் இரட்டைப் பலகைக்கு நடுவே உமி. கீழ்வாயால் நுழையும் காற்று குழாய்க்குள் சூடேறித் தானாகவே மேலே எழும்பி, வலைத்தட்டு வைத்த அலுமாரிக்குள் போகும். மாரியில் சூரியன் தெற்கே சாய்வதால் பெட்டியைத் தெற்குப் பார்க்கச் சரித்து வைத்திருக்கிறோம்.

முதல் தடவை சரிவரவில்லை. ஓட்டை சிறிதாகப் போய்க் காற்று ஏறவில்லை. கண்ணாடி விளிம்பாலும் சூடு கசிந்தது. எல்லாவற்றையும் கழற்றி, ஓட்டைகளைப் பெருப்பித்து, சிலிக்கன் பூசித் திரும்பப் பூட்டினேன். இந்த வேலை நடந்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் உதவிக்கு வந்தவர்கள் இரண்டு பேர். வருவதாகப் பெயர் கொடுத்தவர்கள் 11 பேர்.

சரி, பலனைச் சொல்கிறேன். நல்ல வெயிலில் மேல்வாயில் வெப்பமானி 60 பாகை காட்டியது. 5 கிலோ பழமிளகாய் நான்கு நாளில் காய்ந்து செத்தல் ஆனது; இடையில் இரண்டு மழை பெய்தும் ஒன்றிலும் பூஞ்சணம் இல்லை. ஒரு செத்தலைக் காதருகே பிடித்துக் குலுக்கிப் பாருங்கள், விதை கலகலக்கும். தட்டு முன்மேசையில் இருக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கடன் இல்லை, கையிருப்பு சொற்பம். சந்தா பாதிக்கு மேல் நிலுவை. வீடு தேடிப் போன இடங்களில் “அடுத்த மாதம்” என்ற பதில்தான் கிடைத்தது. பெட்டிக்குக் காசாகப் போனது பெயின்றும் சிலிக்கனும் ஆணியும் மட்டுமே. பற்றுச்சீட்டுகள் கோவையில் உள்ளன.

கண்ணாடி தந்த தச்சருக்கும், உமி தந்த ஆலைக்காரருக்கும், தலைவருக்கும் நன்றி.

ஒரு பெட்டி ஒரு வீட்டு மிளகாய்க்கே காணாது. அடுத்த ஐப்பசிக்கு முன் இன்னும் இரண்டு செய்ய எண்ணம். நிலுவைச் சந்தாவில் பாதி வந்தாலே போதும். காசு இல்லாதவர்கள் பேணி கொண்டு வாருங்கள். நசுங்காததாக, ஒரே பருமனாக இருக்கட்டும், மெல்லிய நெடும்பேணி இதில் பொருந்தாது. சாக்கு வாசிகசாலை வாசலில் கட்டியிருக்கிறது.

செயலாளர்