பங்காளிகள் சங்க ஆண்டறிக்கை: செயலாளர் வாசிச்சது

எல்லாருக்கும் வணக்கம். வழக்கமான விஷயத்தை முதல்ல முடிச்சுடறேன். நம்ம குலதெய்வக் கோயில் திருவிழாவான மாசிக் களரி நல்லபடியா நடந்துச்சு. மடப்பள்ளி ஓடு மாத்தியாச்சு. ஆடில பந்தி நேரத்துல மழை, ஆனா யாரும் பசியோட போகல. செயற்குழு கூட்டத்துக்கு பல தடவ கோரம் அளவுக்கு ஆளே சேரல, நானும் பொருளாளரும் டீ குடிச்சுட்டு கலைஞ்சோம்.

இப்ப வம்சாவளி வேலை, அதாவது நம்ம பங்காளிக் குடும்பங்க பேரையெல்லாம் தலைமுறை வாரியா ஒரு சார்ட்டா எழுதற வேலை. இது சங்க வேலையா உன் சொந்த வேலையான்னு சிலபேரு கேக்கறாங்க, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்லிடறேன். 1980கள்ல யூடிஆர்னு நிலப் பதிவேட்டைப் புதுப்பிக்கற வேலை நடந்தப்ப கோயில் இடத்துப் பட்டாவுல ஏறுன தப்பான பேரை சரி பண்ணத்தான் பழைய பாகப்பிரிவினை பத்திரத்துக்கு நகல் போட்டேன். வந்த நகல்ல சக்குபந்தியை, அதான் நாலெல்லை விவரத்தைப் படிச்சேன் பாருங்க, கிழக்கே இன்னார் மகன் இன்னார் புஞ்சை, வடக்கே இன்னார் பாகம்னு, நாலெல்லைலயும் நம்ம ஆளுங்கதான், நாம பங்காளியே இல்லன்னு நெனச்ச மேலத்தெரு வகையறா உள்பட. அன்னிக்குப் பிடிச்ச பைத்தியம்னு வீட்ல சொல்றாங்க, யோசிச்சுப் பாத்தா சின்ன வயசுலயே எந்த கல்யாணப் பத்திரிகை வந்தாலும் இவங்க நமக்கு என்ன முறைன்னு அப்பத்தாவைக் கொடஞ்சவன்தான் நான், அது இத்தன வருஷம் ஆபீஸ் வேலைல அமுங்கிக் கெடந்திருக்கு.

வேலை லேசுப்பட்டதில்ல. தாத்தா பேரை பேரனுக்கு வெக்கறதால ஒரே பேரு மாறி மாறி வருது. தமிழ் வருஷப் பேரு அறுபது வருஷத்துக்கு ஒரு தடவ திரும்ப வரும், பழைய நோட்டுல விரோதி வருஷம் ஆடி மாசம்னு இருந்தா அது 1889ஆ 1949ஆன்னு மத்த பேரை வெச்சுத்தான் பிடிக்கணும். பெரிய சிக்கல் பொண்ணுங்க பேரு. 1989ல தமிழ்நாட்டுல பூர்வீக சொத்துல பொண்ணுங்களுக்கும் பங்குன்னு சட்டம் வந்துச்சு, அதுலயும் அப்ப ஏற்கெனவே கல்யாணம் ஆனவங்களுக்கு இல்லன்னு இருந்துச்சு. அதுக்கு முந்தின நம்ம பாகப்பிரிவினை பத்திரம் எதை எடுத்தாலும் ஆம்பளப் பசங்க மட்டும்தான், அக்கா தங்கச்சி பொறந்ததுக்கே தடயம் இல்ல. சரி, வீட்டுக்கு வீடு கேட்டு எழுதுவோம்னா, "அதுங்க வேற வீட்டுக்குப் போனதுங்க, தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்ளோன்னு கோயில் வரி) குடுக்கப் போகுதுங்களா"ன்னு நம்ம பெரியவர் ஒருத்தரே கேட்டாரு. வரி குடுக்காத பேரையெல்லாம் எடுக்கணும்னா சார்ட்ல ஆம்பளைங்க பாதிப் பேரு தேறமாட்டாங்க பெரியப்பான்னு சொல்லிட்டு வந்தேன்.

இதுல நமக்கு உதவுனது யாருன்னா சிலோன்காரங்கன்னு நாம ஒதுக்கி வெச்ச குடும்பங்கதான். இலங்கைத் தோட்டத் தமிழர்ல ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்பறதுன்னு போட்ட 1964 சாஸ்திரி–சிரிமாவோ ஒப்பந்தத்துக்கு அப்புறம் தலைமன்னார்லேர்ந்து கப்பல்ல ராமேஸ்வரம் வந்து மண்டபம் கேம்ப்ல இறங்குனவங்க. அவங்க பிளாஸ்டிக் கவர்ல பத்திரமா வெச்சிருந்த, அப்ப குடுத்த குடும்ப அட்டைய காட்டுனாங்க, அதுல மகள், மருமகள், அம்மான்னு பேரும் வயசும் வரிசையா இருக்கு. நிலபுலன் உள்ள நம்ம வீட்டுல இல்லாத விவரம் தோட்டத்துல கொழுந்து பறிச்சுட்டு வந்தவங்ககிட்ட இருக்கு. அவங்க பேரு நம்ம வரி லிஸ்ட்லயே இதுவரைக்கும் இல்ல, இந்த வருஷம் சேத்தாச்சு. சேத்த மாசமே வரியும் வந்துடுச்சு, இத குறிப்பா சொல்றேன்.

வாட்ஸ்அப்ல அனுப்புன ஃபார்முக்கு நிறைய கட்டைவிரல் வந்துச்சு, ஃபார்ம் வரல. சொத்துல பங்கு கேக்கப் போறியான்னு ஃபோன் மட்டும் வந்துச்சு.

கணக்கு: வரவு செலவு ஏறக்குறைய சரியா வந்திருக்கு, கையிருப்பு கொஞ்சம் இருக்கு, விவரம் பொருளாளர்கிட்ட பாத்துக்கலாம். நகல் செலவு சங்கத்துல ஒரு பகுதிதான், மிச்சம் என் பென்ஷன். பூசாரி அய்யாவுக்கும், பந்தி பாத்த தம்பிங்களுக்கும், மைக் செட்காரருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் செயலாளரா வேற யாராவது வந்தா எனக்கு சந்தோஷம்தான், நோட்டு பூரா குடுத்துடறேன். ஒருவேளை நானே தொடரணும்னா சார்ட் பிரிண்ட் பண்ண பணம் வேணும், பாக்கி வெச்சவங்க லிஸ்ட் இன்னிக்கு வாசிக்கல, களரிக்கு கோயில் போர்டுல ஒட்டலாம்னு இருக்கேன். வரி கட்ட வரும்போது வீட்ல பொறந்த பொண்ணுங்க பேரையும் ஒரு சீட்டுல எழுதிட்டு வந்துடுங்க.