குரூப் சரியாக இருந்தும் கிராஸ் மேட்ச் ஏன்?

ஆசிரியருக்கு,

ஒரே குரூப் ரத்தம் தயாராக இருக்கும்போது, அது நோயாளிக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கிராஸ் மேட்ச் சோதனை எதற்கு என்று உறவினர்கள் கேட்பது நியாயமே. ஏபிஓ (ஏ, பி, ஏபி, ஓ), ஆர்எச் (பாசிட்டிவ், நெகட்டிவ்) தவிர கெல், கிட், டஃபி எனப் பல ரத்த வகைகள் உண்டு. முந்தைய கர்ப்பமோ, முன்பு ஏற்றிய ரத்தமோ அவற்றுக்கு எதிரான ஆன்டிபாடியை (எதிர்ப்புப் புரதத்தை) உருவாக்கியிருக்கலாம். அதைக் கண்டறிய நோயாளியின் சீரத்தோடு (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவத்தோடு) கொடையாளியின் சிவப்பணுக்களைக் கலந்து, 37 டிகிரி செல்சியஸில் வைத்து, சலைனில் (உப்புநீரில்) கழுவி, சிவப்பணுக்களில் ஒட்டிய ஆன்டிபாடியைக் காட்டிக்கொடுக்கும் கூம்ப்ஸ் சீரம் சேர்த்துப் பார்க்க வேண்டும். அறை வெப்பநிலையில் சுழற்றிப் பார்ப்பதோடு நிறுத்தினால் இந்த ஆன்டிபாடிகள் பெரும்பாலும் தப்பிவிடும். நேரம் இதற்குத்தான் பிடிக்கிறது.

ஆனால் எத்தனை கவனமான சோதனையும் மாதிரிக் குழாயில் வேறொருவர் பெயர் இருந்தால் வீண். ஏபிஓ குரூப் பொருந்தாத ரத்தத்தை ஏற்றிவிடும் உயிருக்கு ஆபத்தான தவறுகள் பெரும்பாலும் இப்படி ஆள் மாறுவதால்தான் நேர்கின்றன. ரத்தம் எடுத்தவரே, கட்டிலருகிலேயே லேபிள் ஒட்ட வேண்டும். “நீங்கள்தான் இன்னாரா?” என்று கேட்கக் கூடாது, அரைமயக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். பெயரை அவரே சொல்லட்டும்.

முதல் 15 நிமிடம் மெதுவாக ஏற்றி, பக்கத்திலேயே இருந்து கவனிக்க வேண்டும். குளிர்நடுக்கம், காய்ச்சல், இடுப்புவலி, மூச்சுத்திணறல், சிவந்த சிறுநீர் என எது தெரிந்தாலும் உடனே நிறுத்தி, புதிய டியூபில் நார்மல் சலைன் ஓடவிட்டு, மருத்துவரை அழைக்க வேண்டும். மயக்க மருந்தில் இருப்பவர் வலியைச் சொல்ல முடியாது. ரத்த அழுத்தம் சரிவதும் சிறுநீரின் நிறமும் அங்கே முக்கியத் தடயங்கள். மீதிப் பையைக் குப்பையில் போடாமல், புதிய ரத்த மாதிரியுடன் ரத்த வங்கிக்கு அனுப்புங்கள்.

ரத்த வங்கி ஆய்வக நுட்பநர்கள்