கடல்பாசி மாத்திரையும் கீமோதெரபியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்பகப் புற்றுநோய்க்காகச் சென்னையில் கீமோதெரபி எடுத்துவரும் என் தங்கையின் மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில், உறவினர் ஒருவர் வாங்கித் தந்த கடல்பாசி கேப்ஸ்யூல் டப்பா ஒன்றைச் சென்ற மாதம் பார்த்தேன். 'ஆன்டிஆக்சிடன்ட்' என்ற சொல் அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று செவிலியர் கேட்டபோது அவள் இல்லை என்றே சொல்லியிருக்கிறாள். "அது மருந்தில்லையே அண்ணா, பாசிதானே" என்றாள்.

மருந்துக்கடையில் முப்பது ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில் எனக்கு இது பெருங்கவலை தருகிறது. கதிர்வீச்சும் கீமோ மருந்துகளில் சிலவும் செல்லுக்குள் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்கித்தான் புற்றுச் செல்லை அழிக்கின்றன. அந்த மூலக்கூறுகளை அடக்கும் பொருளை, அதாவது ஆன்டிஆக்சிடன்டை, அதே வேளையில் அதிக அளவில் விழுங்கினால், நாம் காப்பாற்றுவது புற்றுச் செல்லையாகவும் இருக்கலாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்து 1994-இல் வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியது.

கடல் மருந்து தராது என்பதல்ல என் வாதம். ரத்தப் புற்றுநோய்க்கான சைட்டரபின், கரீபியக் கடலில் வாழும் கடற்பஞ்சு என்ற உயிரினம் ஒன்றில் 1950-களில் கண்ட பொருளைப் பின்பற்றி உருவாகி, 1969-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முற்றிய மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் எரிபுலினின் மூலப்பொருளை ஜப்பானியக் கடற்பஞ்சில் 1986-இல் பிரித்தெடுத்தார்கள். மருந்தாக அனுமதி கிடைத்தது 2010-இல். இவ்விரண்டும் ஆன்டிஆக்சிடன்ட் என்பதற்காக வேலை செய்பவை அல்ல. ஒன்று டிஎன்ஏ உருவாவதைத் தடுக்கிறது, மற்றது செல் பிரிவதை நிறுத்துகிறது. இரண்டுமே மருத்துவர் அளவு பார்த்து ஏற்ற வேண்டிய கடுமையான மருந்துகள். பாசியிலுள்ள ஃபுகாய்டன், ஃபுகோசாந்தின் போன்றவை பெரும்பாலும் ஆய்வகச் செல்களிலும் எலிகளிலும் சோதிக்கப்படும் நிலையில்தான் இருக்கின்றன.

ஆகவே, கடல்பாசி புற்றுநோய்க்கு உதவும் என்பது போன்ற ஆய்வுச் செய்திகளை வெளியிடும்போது, சோதனை நடந்தது செல்லிலா, எலியிலா, மனிதரிடமா என்பதை முதல் பத்தியிலேயே குறிப்பிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். புற்றுநோய்ப் பிரிவுகளில் செவிலியர்கள் "மாத்திரை" என்று மட்டும் கேட்காமல், பாசி, பொடி, கஷாயம் என்று பெயர் சொல்லிக் கேட்கவும் வேண்டும். அப்படிக் கேட்டிருந்தால் என் தங்கை அன்றே சொல்லியிருப்பாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
மயிலாப்பூர், சென்னை.