பெயர் சொல்லாமல் வாசிப்பவர்

அன்பின் மச்சான்,

உன்னுடைய கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது என்று மகள் வட்ஸ்அப்பில் சொன்னாள். கொஞ்ச நாளைக்கு வாசிக்கக் கூடாதாமே. புத்தகம் இல்லாமல் ரொறன்ரோவில் நீ என்ன செய்வாய் என்ற யோசனையில்தான் இதை எழுதுகிறேன். அவளையே வாசித்துக் காட்டச் சொல்.

இங்கே எல்லாரும் சுகம். வெள்ளவத்தையில் பழைய வீடுகளை இடித்து மாடிகளாக எழுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு இப்போதும் போய் வருகிறேன். சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

யூடியூபில் ஒருவர் கவிதை வாசிக்கிறார். பெயர் இல்லை, முகம் இல்லை, ஊர் இல்லை. கறுப்புத் திரையில் பாட்டின் எண் மட்டும். பின்னணியில் புல்லாங்குழல், வீணை ஒன்றும் கிடையாது. அதற்கே அவரைக் கும்பிட வேண்டும். பாட்டுக்குள்ளேயே ஓசை இருக்கும்போது அதன் மேல் இன்னோர் ஓசையைப் போட்டு மூடுவதை என்னால் பொறுக்க முடிவதில்லை.

ஒவ்வொரு பாட்டையும் இரண்டு தடவை வாசிக்கிறார். முதலில் ஓசைக்கேற்பச் சீர் பிரித்து, அப்புறம் பொருளுக்கேற்பச் சொல் பிரித்து. விளக்கம் சொல்வதில்லை. குறுந்தொகை 290ஆம் பாட்டை அப்படித்தான் கேட்டேன். காமத்தைத் தாங்கிக்கொள் என்கிறார்களே, அவர்களுக்கு அது என்னவென்று தெரியாதா, இல்லை அவ்வளவு வலிமை உள்ளவர்களா என்று தலைவி தோழியிடம் கேட்கிறாள். முதல் நாலு அடியும் நாற்சீராக நெருக்கிக்கொண்டு வரும். பிறகு 'கல்பொரு சிறுநுரை போல' என்று மூன்றே சீரில் அடி குறுகும். நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தின அடி, முச்சீர் என்று பாடமாக்கினோமே, அதனால் பாட்டுக்கு என்ன ஆகிறது என்று யாராவது சொன்னார்களா? அவர் வாசிக்கும்போது நாலாவது சீர் வரவேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது. குரல் அங்கே நின்று, 'மெல்ல மெல்ல இல்லா குதுமே', மெல்ல மெல்ல இல்லாமல் போகிறோம், என்று இறங்குகிறது. நுரை கரைவதற்கு அந்த ஒரு சீரின் இடம் வேண்டியிருந்திருக்கிறது, மச்சான். உரையோடு எத்தனையோ தரம் வாசித்த பாட்டு. இங்கே ரயில் பாதைக்கு அப்பால் கல்லில் அலை மோதுவதை நாளும் பார்க்கிறவன் நான். ஆனாலும் அந்த அடி காதில் விழுந்தபோதுதான் எனக்குத் திறந்தது.

இதைப் பாடியவரின் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. கல்பொரு சிறுநுரையார் என்று அவருடைய வரியையே பெயராக்கிவிட்டார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக்கோழியார், விட்டகுதிரையார் எல்லாரும் அப்படி வந்தவர்கள்தான். ஊரும் குலமும் தொலைந்த பிறகும், அந்த மனிதர் பார்த்த ஒரு காட்சி அவரை அடையாளம் காட்டப் போதும் என்று நினைத்திருக்கிறார்கள். ஒரு கவிஞருக்கு இதைவிடப் பெரிய மரியாதை செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த யூடியூப் வாசிப்பவர் ஏன் ஒளிந்திருக்கிறார் என்று நீ கேட்பாய். எண்பதுகளில் புனைபெயருக்குள் இருந்து எழுதியவர்களை நாம் இருவரும் அறிவோம், காரணமும் அறிவோம். இவருடைய குரலில் அந்தப் பயம் இல்லை. பெயரைச் சொன்னால் எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், யாருடைய ஆள் என்று நம்மவர்கள் தோண்டத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு அவர் வழி வைக்கவில்லை. அதனால் பாட்டு நேரே நம்மிடம் வருகிறது.

நம் ஈழத்து மஹாகவி உருத்திரமூர்த்தியையும் வாசித்திருக்கிறார். பேச்சோசையை யாப்புக்குள் கொண்டுவந்த கவிஞர் அவர், மேடைக் குரலில் முழங்கினால் கெட்டுப்போகும். இவர் விறாந்தையில் இருந்து கதைப்பதைப் போல வாசிக்கிறார். அதிலே 'காற்று' என்று சொல்லும் விதத்தைக் கேட்டால் நம் பக்கத்து ஆள் மாதிரிப் படுகிறது. உன் காது என்னுடையதைவிடக் கூர்மை, கேட்டுவிட்டுச் சொல்.

இணைப்பை மகளுக்கு அனுப்பியிருக்கிறேன். 290ஐ முதலில் போடச் சொல், இரண்டு வாசிப்பையும் முழுக்கக் கேள். உனக்கு இன்னும் மனப்பாடமாக இருக்கிற பாட்டு ஒன்றை ஃபோனில் பதிந்து எனக்கு அனுப்பு. டொக்டர் திரும்ப எப்போது வரச் சொன்னார் என்பதையும் அதிலேயே சொல்லிவிடு.

அன்புடன்,
உன் வெள்ளவத்தை நண்பன்